வாலை மட்டும் வெட்டவில்லை

இன்று காலை மூன்றாம் வீட்டு டீச்சர் தன் கருநீல ரவிக்கையைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் போட்டார். "கை லூசா இருக்கு, புடிச்சிக் குடுங்கன்னா, நாய் முடியயும் சேத்துத் தெச்சிருக்கீங்களே!" என்றார். பார்த்தேன். ரவிக்கைக் கையின் தையலுக்குள் ஒரு நீள வெள்ளை முடி சிக்கி, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. பிஜூவின் முடிதான். டீச்சர் போன பிறகும் அதை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருந்தேன். போய்ச் சேர்ந்தவளிடம் சண்டை போடக்கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை. உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

நெல்லித்தோப்பில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஞாயிற்றுக்கிழமை நீ மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, பெரிய மார்க்கெட்டில் மீனும் வாங்கிக்கொண்டு வந்ததும் பின்கட்டிலிருந்து குரல் கொடுப்பாய். துவைக்கிற கல் மேல் கோணியை விரித்து உன் நாய் பிஜூவை நிற்க வைப்போம். நான் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நீ சீவுவாய். காலிலிருந்து ஆரம்பித்து, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையாக மேலே ஏறுவாய். சிக்கு விழுந்த இடத்தில் மக்காச்சோள மாவைத் தூவி, விரலாலேயே பிரிப்பாய். நான் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும், "தூஸ்மாங், தூஸ்மாங்டீ! அவனுக்கு வலிக்காதா?" என்று கத்துவாய். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த உன் அப்பாவிடமிருந்து உனக்கு ஒட்டிக்கொண்ட வார்த்தை அது. மெதுவா என்று தமிழில் சொன்னால் எனக்கு உறைக்காது என்று நினைப்பு.

"மேலாப்ல சீவுனா பாக்கறவங்களுக்குத்தான் அழகு. அடியில சிக்கு அப்படியே கெடக்கும்" என்பாய். எவ்வளவு அழகாகச் சொன்னாய்!

கத்தரியை மட்டும் என்னைத் தொடவிட மாட்டாய். முப்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிற தையல்காரி நான். "உன் கை துணிக்குப் பழகின கைடி. துணி துள்ளாது, இவன் துள்ளுவான்" என்று சிரிப்பாய். முனை மழுங்கிய அந்தச் சின்னக் கத்தரியை பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாய்.

பிரான்சில் மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பினாய். "மூணே மாசம்டி. கொழந்தையப் பாத்துட்டு ஓடியாந்துடறேன்" என்றாய். பிஜூவையும் டப்பாவையும் என் கையில் கொடுத்தாய். "சீவு, குளிப்பாட்டு, என்ன வேணா பண்ணு. வெட்டறது மட்டும் வேணாம். நான் வந்து வெட்டறேன். அதுவும் அந்த வாலு இருக்கே, அத நான்தான் வெட்டுவேன்." டப்பாவைத் திறந்து பார்த்தேன். கத்தரியும் உள்ளே இருந்தது. உயிரையே வைத்திருந்த கத்தரியை விட்டுவிட்டுப் போகிறாளே, வராமலா இருப்பாள் என்று நினைத்தேன். என்னைப்போல ஒரு மடச்சி உண்டா?

மூன்று மாதம் எட்டாயிற்று. போனில் கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம்டி" என்பாய். "வெட்டிடலயே?" என்றும் கேட்பாய். நான் வெட்டவில்லை. ஐப்பசி மழையில் தரையைக் கூட்டும் முடி காயவே இல்லை. சிக்கு எடுக்காமல் ஒருநாள் தண்ணீரை ஊற்றிவிட்டேன், அவ்வளவுதான். காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் முடி இறுகிப் பாய்போல் ஆகிவிட்டது. தொட்டாலே பிஜூ முனகினான். கால்நடை டாக்டர் என்னைக் கேட்டார், "முடி முக்கியமாம்மா, நாய் முக்கியமா?" அப்போதும், "அவங்க வந்துடுவாங்க சார்" என்றுதான் சொன்னேன்.

அதே வாரம் உன் வீட்டைத் திறந்துகொண்டு ஒருவர் அளவுநாடாவோடு நின்றார். யார் என்று அதட்டினேன். "வீடு எங்களுதும்மா. அந்த அம்மா ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாதா என்று அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! கூசிப்போனேன்.

உனக்குப் போன் போட்டேன். "வித்துட்டியாடி?" என்றேன். நீ, "பிஜூ சாப்ட்டானா?" என்று கேட்டாய். போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு நீ நான்கு தடவை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை.

அன்றைக்கே உன் கத்தரியை எடுத்தேன். தலையைப் பிடிக்க ஆளில்லை. என் இரண்டு முழங்காலுக்கு நடுவில் அவனை அணைத்துக்கொண்டு வெட்டினேன். அழுதுகொண்டே வெட்டினேன். காது, கழுத்து, வயிறு என்று எல்லாம் கற்றை கற்றையாக விழுந்தது. அடியில் தோல் புண்ணாகிச் சிவந்திருந்தது. உன் பேச்சை நம்பி அவனை நான் படுத்திய பாடு அது. அவன் துள்ளவே இல்லை, தெரியுமா? கடைசியில் வாலுக்கு வந்தேன். கை நின்றுவிட்டது. ஒருவேளை வந்துவிட்டால்?

மூன்று வாரம் கழித்து உன் மகள்தான் கூப்பிட்டாள். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி. மாரடைப்பு" என்றாள். வீட்டை விற்றதை ஏன் சொல்லவில்லை என்று அவளிடம்தான் கேட்க முடிந்தது. "திரும்பி வரமாட்டேன்னு சொன்னா நீங்க பிஜூவ வாங்கிக்க மாட்டீங்கன்னு பயந்தாங்க ஆன்ட்டி."

வீட்டை விற்றதை மன்னித்துவிடுவேன். மகளோடு இருக்க ஆசைப்பட்டதும் தப்பில்லை. ஆனால் இத்தனை வருஷம் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என்னை நீ அவ்வளவுதான் தெரிந்துவைத்திருந்தாயா? கேட்டிருந்தால் இரண்டு நாள் உன்னைத் திட்டியிருப்பேன். மூன்றாம் நாள் நானே வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அந்த இரண்டு நாள் திட்டைக்கூட உன்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

இப்போது பிஜூவுக்கு உடம்பெல்லாம் ஒட்ட வெட்டித்தான் வைத்திருக்கிறேன். புண் ஆறிவிட்டது. வால் மட்டும் தரையில் புரள்கிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். டீச்சர் ரவிக்கையில் ஏறியது அந்த வால் முடிதான். ஞாயிறுதோறும் மாவு தூவி, தூஸ்மாங் தூஸ்மாங் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதைச் சிக்கெடுக்கிறேன். வெட்டமாட்டேன். வந்து வெட்டுகிறேன் என்று சொன்னவள் நீ.