ஒரே சீட்டு, இரண்டு உடம்பு

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இப்போதைக்கு இந்த வீட்டில் என் மேல் இருக்கும் குற்றச்சாட்டே அதுதான்.

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "ஒரே காடு, ஒரே உண்ணி, ஒரே மாத்திரை. உங்களுக்குச் சரியாயிடுச்சே அண்ணா. அண்ணிக்கு மனசுதான் களைச்சிருக்கு" என்றாய். இங்குள்ள டாக்டரிடமும் அதையே சொல்லியிருக்கிறாய். பெரிய டாக்டர் நீயே சொன்ன பிறகு அவருக்கு வேறென்ன வேண்டும்? வரும் வியாழக்கிழமையோடு உன் அண்ணியின் சிகிச்சைக் கோப்பை மூடிவிடுவாராம். நேரில் பேசினால் குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நிலம் அளக்கப் போன இடத்தில் நான் கருவியோடு நின்றேன், அவள் எல்லைக்கல் தேடிப் புதருக்குள் போனாள். இருவரையும் உண்ணி கடித்தது. என் தோலில் சிவப்பு வளையம் பளிச்சென்று தெரிந்தது. அவளுடைய கறுத்த முதுகில் மங்கலாக ஒரு திட்டு மட்டும்தான். டாக்டர் சுவரில் இருந்த சிவப்பு வளையப் படத்தைப் பார்த்தார், அவள் முதுகைப் பார்த்தார், "இது வேற ஏதோ தடிப்பும்மா" என்று களிம்பு கொடுத்து அனுப்பினார். சில மாதங்களில் முழங்கால் பலாக்காய் போல வீங்கிய பிறகுதான் உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் என்று ஒப்புக்கொண்டார். அப்போதும் எனக்கு எழுதிய அதே சீட்டு, அதே நாட்கள். என் நோய் தோலோடு நின்றது, அவளுடையது மூட்டுக்குள் இறங்கிவிட்டது. இரண்டுக்கும் ஒரே கணக்கா? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றுகூட யாரும் அவளைக் கேட்கவில்லை.

மலைச்சரிவெல்லாம் ஏறியவள் இப்போது மாடிப்படியில் நான்காவது படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். நீ சொன்னதைச் சொன்னேன். "கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. உங்க தம்பி பேச்சையாவது கேக்குதான்னு பாருங்க" என்றாள்.

சின்ன வயதில் உனக்கு மூச்சிரைப்பு வந்தபோது வீடே மாறியது. உனக்குத் தனித் தலையணை, தனி அறை. என் நாயை யாரோ ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அண்ணன் நன்றாகத்தானே மூச்சு விடுகிறான் என்று அன்றைக்கு யாரும் உன்னிடம் சொல்லவில்லை. அந்த நாயை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆயுள் முழுக்க மாத்திரை எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் உடம்பைப் பார்த்து எழுதுங்கள் என்கிறேன். கோப்பை மூடினால் அந்த ஆஸ்பத்திரி வரவேற்பறையில் தினமும் போய் உட்காருவேன். எனக்குப் பொறுமை குறைவு, பிடிவாதம் அதிகம், உனக்கே தெரியும்.

இன்னொன்று இருக்கிறது. நேற்று மருந்துக்கடை அம்மாளிடம் அவளுடைய இரும்புச்சத்து மாத்திரை வாங்கினேன். ரத்தசோகைக்காக அவள் பல வருடமாகச் சாப்பிடுவது. பேச்சுவாக்கில் லைம் நோய்க்குக் கொடுத்த மாத்திரையையும் சொன்னேன். "ரெண்டையும் ஒண்ணாவா குடுத்தீங்க? இரும்பு அந்த மருந்தை உடம்புல சேர விடாதே சார்" என்றார்.

ஒன்றாகத்தான் கொடுத்தேன். காலை, மாலை என்று அறை பிரித்த பெட்டியில், ஒரு வேளைகூடத் தவறாமல், இரண்டையும் ஒரே அறையில் அடுக்கியது நான்தான். அளவு எடுக்கிறவன் அல்லவா, அவ்வளவு ஒழுங்கு. சீட்டு எழுதியவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. நானும் கேட்கவில்லை. எட்டு மாதமாக "எனக்குச் சரியாயிடுச்சே" என்று உனக்கு முன்பே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இரும்பு விஷயத்தை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

நீயும் பிள்ளைகளும் மூச்சுக்கு ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருங்கள்.

வியாழனுக்கு முன்னால் அவளைக் கூப்பிடு. காலை பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தெளிவாக இருப்பாள். என்னைப் பற்றிக் கேட்காதே, அவளைப் பற்றி அவளிடமே கேள். கடைசியில், மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேள். பதில் சொல்ல நான் பக்கத்தில் இருப்பேன்.

உன் அண்ணன்