பெல்ட் போட்ட கரியர்

14.10.2025, செவ்வாய், காலை 6.40
றைவர் இல்லாமல் தானாக ஓடும் வானின் சோதனை ஓட்டம், மூதூரிலிருந்து திருகோணமலை. பயணிகள்: இரண்டு. மப்பு, மழை இல்லை. பற்றரி சரி. கமெராவில் உப்புப் படலம், துடைத்தேன்.

சாரதி இருக்கை வெறுமை. நான் பின்னால், பார்த்துக்கொண்டு மட்டும். மாடுகளுக்கு ஒழுங்காக நின்றது. பயணி ஒருவர், ஆசிரியர்: "தம்பி, றைவரோட நாலு கதை கதைக்காமல் எப்பிடிப் போறது?"
"நித்திரை கொள்ளுங்கோ சேர்."

அப்பா இதே வீதியில் வாடகைக்கு ஹயரிங் வான் ஓடியவர். பாலம் வர முதல், கிண்ணியாத் துறையில் மிதவைக்குக் காத்துக் கிடந்த காலத்திலிருந்து. முன் கண்ணாடியடியில் எப்போதும் யாரோ கொடுத்துவிட்ட பார்சல்: மருந்து, கருவாடு, ஒருமுறை உயிர்க்கோழி. அந்த நாற்றம் எனக்கு அப்போது வெறுப்பு.

15, புதன்
பொஸ் ஃபோனில்: "நாளைக்கு நீரும் ஏறக்கூடாது. ரெண்டு தரம் தனியப் போய்த் தனிய வரட்டும். சரிவந்தால் ரூட் எங்களுக்கு. இல்லாட்டி வண்டி கொழும்புக்கு."

16, வியாழன்
மூதூர்த் தரிப்பிடம். அப்பாவின் பழைய வாடிக்கை றஹீமா மாமி, சாப்பாட்டுக் கரியரோடு. மகளுக்குத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்திருக்கிறது. பத்தியச் சோறு. இருக்கையில் வைத்தார். வண்டி அசையவில்லை. பாரத்தை உணர்ந்து, பெல்ட் போடாத ஆள் என்று நினைக்கிறது.

"என்ன மகன், வண்டிக்குக் கோவமா?"
"கரியருக்குப் பெல்ட் போடுங்கோ மாமி."

போட்டார். போனது.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தது. கரியரும் பெல்ட்டோடு. அங்கே கதவு திறந்து, எடுக்க ஆளில்லாமல், பூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தரிப்பிடத்திலேயே நின்ற மாமி: "உங்கட அப்பா வாட்டுக்கே கொண்டுபோய்க் குடுப்பாரே. மகள் இன்னும் சாப்பிடல்ல மகன்."

பொஸ் மெசேஜ்: "சுப்பர். இன்னும் ஒருக்கா."

கரியரை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். சோதனை போச்சு. கிண்ணியா தாண்ட வண்டி முழுக்க மிளகு, உள்ளி மணம். அப்பாவின் வான் மாதிரியே. சாரதி இருக்கையை இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன். விசர்.

வாட்டில் மகள்: "உம்மாட சாப்பாடு ஏன் இவ்வளவு லேட்?"
"வண்டி புதுசு" என்றேன்.

இனி:
1. பொஸ்ஸுக்கு உண்மையை எழுதுவது. ஏறினது நான். சோதனை தோல்வி.
2. பார்சல் எடுத்துக் கொடுக்க மறுமுனையில் ஒரு ஆள் வேண்டும். பொஸ் கேட்க மாட்டார். எழுதுவது.
3. வண்டி கொழும்புக்குப் போனால், பஸ்ஸில் மூதூர் போய் வெறுங் கரியரை மாமியிடம் கொடுப்பது.
4. பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்காமலே வந்துவிட்டேன். கேட்பது.