கிடைக்கலைங்க, வேற மாதிரி கேட்டுப் பாருங்க

இன்று காலை நீ என்னிடம் பேசினாய். செத்துப் போனவள் எப்படிப் பேசுவாள் என்று கேட்காதே. நம் ஆபீசின் பழைய தேடல் பக்கத்தில் எதுவும் அகப்படாதபோது வருவதற்காக நீ எழுதி வைத்த வரி, அப்படியே திரையில் வந்து நின்றது: "கிடைக்கலைங்க. வேற மாதிரி கேட்டுப் பாருங்க." மற்ற ஊர் கம்ப்யூட்டர்கள் மொட்டையாக 'இல்லை' என்று சொல்லும். நம்முடையதற்கு மட்டும் நீ மரியாதை சொல்லிக் கொடுத்திருந்தாய். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இன்று அதற்கு நேரமில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து அரிசி ஆலைகள் இன்றுதான் திறந்தன. வெள்ளகோவில் பக்கம் ஓர் ஆலையில் விடிந்ததும் பாய்லரைப் பற்றவைத்திருக்கிறார்கள். அழுத்தம் மீறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டியது நம் கம்பெனியின் சேஃப்டி வால்வு. அது திறக்கவில்லை. அழுத்தமானியின் முள் சிவப்புக்கோட்டைத் தாண்டியதைப் பார்த்த ஒருவர், எரிகிற உமியை வெளியே இழுத்துப் போட்டதால் கட்டடம் நிற்கிறது. அவருக்குக் கையெல்லாம் கொப்புளம்.

அதே வகை வால்வு வேறு எங்கே மக்கர் செய்கிறது என்று உடனே தெரிந்தாக வேண்டும். எல்லாம் கடைகள் வழியாக விற்றவை. எது எந்த ஆலையில் இருக்கிறது என்பது நம் மெக்கானிக்குகள் எழுதும் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளில்தான் இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்தால் மற்ற ஆலைகளும் தீ போட்டுவிடும்.

நீ போன பிறகு புதுத் தேடல் ஒன்று வந்திருக்கிறது. சொல்லைப் பார்க்காமல் பொருளைப் பார்த்துத் தேடுமாம். இதுவும் யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ்தான், உனக்குப் பிடித்திருக்கும். நம் மேனேஜர் அதில் அப்படியே சொக்கிப் போய், பழையதை இன்று மாலையோடு நிறுத்தச் சொல்லியிருந்தார். "வால்வு திறக்கவில்லை" என்று புதியதில் கேட்டேன். கையேட்டுப் பக்கங்களும் சோதனைச் சான்றிதழ்களும் வந்து குவிந்தன. புகார் ஒன்றுகூட இல்லை.

மேனேஜர் மூச்சு விட்டார். "அந்த ஒண்ணு மட்டுந்தானுங்க போலிருக்குது. சும்மா பயந்துட்டமுங்க."

நான் நம்பவில்லை. பழையதிலும் அதையே கேட்டேன். அப்போதுதான் நீ வந்தாய்.

அந்தக் குழப்பமான மாதம் ஞாபகம் இருக்கிறதா? நாம் வைத்திருந்த தேடுபொறியின் சொந்தக்காரர்கள் லைசன்ஸை மாற்றினார்கள். பிடிக்காதவர்கள் அதே நிரலை எடுத்துக்கொண்டு வேறு பெயரில் பிரிந்து போனார்கள். எந்தப் பக்கம் போவது என்று ஆபீசே அடித்துக்கொண்டது. நீ சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில், லேப்டாப்பில் ரிப்போர்ட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "பங்கு பிரிச்சுட்டாங்க அம்மணி. எந்த ஊட்டுக்குப் போனாலும் சோறு ஒண்ணுதான். நம்மாளுக என்ன எழுதறாங்கன்னு தெரியாட்டி எதை வெச்சும் தேட முடியாது" என்றாய். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாய். "பாரு, ஒருத்தராச்சும் குத்தம் எழுதியிருக்காங்களா? எழுதுனா ஆலைக்காரர் மனசு நோகும், கம்பெனி பேரும் கெடும். 'கொஞ்சம்'னு எழுதியிருந்தா அங்கதான் ஆபத்து."

மெக்கானிக் கதிர்வேல் அண்ணனுக்குப் போன் போட்டேன். தாராபுரம் பக்கம் ஏதோ வேலையாக இருந்தார்.

"ஏனுங்கண்ணா, வால்வு ஒட்டிக்கிட்டா ரிப்போர்ட்ல என்னன்னு எழுதுவீங்க?"

"ஒட்டிக்கிச்சுன்னு எழுத மாட்டமுங்க. கொஞ்சம் தட்டி விட்டேன், நல்லாருக்குதுன்னு எழுதிப்போடுவமுங்க."

பழையதில் "கொஞ்சம் தட்டி" என்று கேட்டேன். மடமடவென்று வந்தன. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம். எல்லாம் அதே வகை வால்வு. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஆளுக்கொரு போனை எடுத்தோம். ஒவ்வோர் ஆலையாகத் தீ போடுவதை நிறுத்தினார்கள். தாராபுரத்து ஆலை மட்டும் போனை எடுக்கவே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கதிர்வேல் அண்ணனை அங்கே ஓடச் சொன்னேன். திரும்ப அவர் கூப்பிடும்வரை நான் உட்காரவில்லை.

"தீ வெச்சுட்டாங்க. இழுத்துப் போடச் சொல்லிப்போட்டேனுங்க."

"வால்வு எப்படி இருக்குதுங்க?"

"கொஞ்சம் இறுக்கமா..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "இல்லைங்க அம்மணி. திறக்கவே இல்லைங்க. முள்ளு சிவப்புக்கிட்ட வந்துருச்சு. இன்னொரு கால் மணி விட்டிருந்தா இங்க ஆளே இருந்திருக்க மாட்டாங்க."

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

புதியதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. 'நல்லாருக்குது' என்று எழுதியிருந்ததை அது நம்பிவிட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று பொருள் கொண்டு அந்த ரிப்போர்ட்டுகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. பழையதோ சொல்லை மட்டும் பார்த்தது. இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். இன்னொன்றும் கவனித்தேன். புதியது 'கிடைக்கலை' என்று சொல்லவே சொல்லாது. கேட்டதற்குப் பக்கத்தில் இருப்பதாக எதையாவது எடுத்து நீட்டிவிடும். பொருத்தம் குறைந்தால் நீட்டாதே என்று அளவு வைத்து, அந்த இடத்தில் உன் வரியைப் போட்டேன்.

அதைப் போடும்போது உன் கடைசி நாட்கள் ஞாபகம் வந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை நீ என்ன சொல்லிக்கொண்டிருந்தாய்? "கொஞ்சம் அசதிதான் அம்மணி. நல்லாத்தான் இருக்கறேன்." அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை ஊரார் வாயில் கண்டுபிடித்தவள் நீ. உன் வாயிலிருந்து வந்தபோது ஆபத்து என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? என் மனசு நோகக் கூடாது என்றுதானே சொன்னாய்? உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கொஞ்சம் வலிதான் கண்ணு, பரவால்லை" என்றாள். முன்பானால் சரி என்று வைத்திருப்பேன். இன்று வைக்கவில்லை. வேறு மாதிரி கேட்டேன்.