கதவு நிலையில் இரண்டு கோடுகள்

அப்பாவுக்கு,

நேற்று பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா பெயரிலிருந்த வீட்டில் எனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்தாயிற்று. வில்லங்கம் தீர்ந்தது, நீங்கள் தாராளமாக விற்கலாம். தம்பியின் ஆபரேஷன் இனித் தள்ளிப்போகாது.

வாங்குபவரின் வக்கீல் என்னைத் தேடி டிப்போவுக்கே வந்தார். "ஒரே வாரிசு, பையன்தான்னு உங்கப்பா எழுதிக் கொடுத்திருந்தாரும்மா. ஆனா கதவு நிலையில ரெண்டு பிள்ளைங்க உயரத்தைக் கோடு போட்டு வச்சிருக்கு. இன்னொண்ணு யாருன்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சுதான் உங்களைக் கண்டுபிடிச்சேன்" என்றார்.

விற்பதற்காக வீடு முழுக்க பெயிண்ட் அடித்தீர்களாம். அந்த நிலையை மட்டும் ஏன் விட்டீர்கள்? போகட்டும், பதில் வேண்டாம்.

டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடுதான் பதிவு அலுவலகம் போனேன். எழுத்தர் "என்ன வேலைம்மா?" என்றதும், கூடம் முழுக்கக் கேட்கும்படி "பஸ் டிரைவர்" என்றேன். ஸ்டியரிங்கைத் தொட்டால் என் வாசற்படியை மிதிக்காதே என்றீர்கள். இன்றுவரை மிதிக்கவில்லை. வண்டியை எங்கும் இடித்ததுமில்லை.

"பதிலுக்கு எதுவுமே வேணாமாம்மா?" என்று வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கதவு நிலையைக் கழற்றித் தரச் சொல்லுங்கள் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டை விட்டுக்கொடுத்த அந்தப் பத்திரத்தில், உங்கள் பெயரைப் போட்டு, இன்னாரின் மகள் என்றுதான் என்னை எழுதியிருக்கிறார்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பதிவாகிவிட்டது அப்பா. அதன் மேல் யாரும் பெயிண்ட் அடிக்க முடியாது.

கோடுகளில் உயரமானவள்