ஆர்கானிக்குக்கு இரண்டு பேர்

மே 12, திங்கள்

இன்சீன் ரயில் இன்றைக்கும் நாற்பது நிமிடம் தாமதம். கல்லூரியில் முதல் வகுப்பு போய்விட்டது. போனால் போகட்டும், ஸ்டாடிஸ்டிக்ஸ்தானே.

கெமிஸ்ட்ரி துறையில் ஆர்கானிக் படிவம் கொடுக்கிறார்கள். ஒன்று வாங்கி வந்தேன். போன வருடமும் வாங்கினேன், கொடுக்கவில்லை. இந்தப் பாடம் வருடத்தில் ஒரே தரம்தான் தொடங்கும். முதல் பாகம் ஜூன், இரண்டாம் பாகம் நவம்பர். இரண்டையும் அடுத்த மார்ச்சுக்குள் முடித்தால்தான் பினாங்கில் பார்மசி படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது விட்டால் இன்னொரு வருடம் போச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஆனால் எங்கள் கல்லூரியில் இதைத் தனியாளாக எடுக்க முடியாது. லேபில் புகையை வெளியே இழுக்கிற கண்ணாடிப் பெட்டிகள் உண்டு, ஹூட் என்போம். கரண்ட் இல்லாத நேரத்தில் ஜெனரேட்டர் தாங்குவது ஆறு ஹூட்தான். ஒரு ஹூட்டுக்கு இரண்டு பேர். அதனால் படிவமே ஜோடிப் படிவம்: இரண்டு பெயர், இரண்டு கையெழுத்து. ஜோடி இல்லாதவர்கள் காத்திருப்போர் பட்டியலில் கிடக்க வேண்டியதுதான்.

என் ஜோடி சைதா. பள்ளிக்கூடத்திலிருந்தே எதற்கும் சைதாதான். போன வருடம் மே மாதம் குடும்பத்தோடு பாங்காக் போனாள், மூன்று மாதத்தில் வருவதாகச் சொல்லி. "எனக்காக இருடி மக்தா, சேந்தே எடுப்போம்" என்றாள். இருந்தேன்.

மே 14

சைதாவுக்கு மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மே 17, சனி

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. தெரு முழுக்க "மீலாபி! மீலாபி!" என்று பர்மியத்தில் ஒரே கூச்சல், கரண்ட் வந்துவிட்டதாம். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. அம்மா இருந்தால் அவளும் பால்கனியில் நின்று கத்துவாள். பிலிப் அண்ணனின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சிங்கப்பூர் போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போது வீட்டில் நானும் அப்பாவும். இரண்டு பேருமே கத்துகிற ஜாதி இல்லை. எழுந்து போய் மோட்டார் சுவிட்சைப் போட்டேன்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "அந்த கெமிஸ்ட்ரி என்னாச்சு?"

"சைதா வரட்டும்பா."

"வருவாளா?"

"ஹஜ் பெருநாள் முடிஞ்சா வருவா."

அப்பா போட்டாதாங் ஜெட்டியில் முப்பது வருடமாகச் சரக்கு ஏற்றி அனுப்புகிறவர். போனது எது, திரும்பி வருவது எது என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. ரசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. திட்டியிருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

மே 20, செவ்வாய்

தனியாக எடுக்க முடியாதா என்று சயாமாவிடமே கேட்டுப் பார்த்தேன். டோ கின் மே, எங்கள் கெமிஸ்ட்ரி ஆசிரியை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஒருத்தர் ஊற்ற ஒருத்தர் பிடிக்க வேண்டும், ஏதாவது ஆனால் கத்துவதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் ஒருவர் காத்துக்கொண்டு நின்றார். ரமேஷ்குமார். முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். காலையில் மருந்துக்கடை வேலை, மத்தியானம் கல்லூரி. வகுப்பில் யாரும் அவரோடு உட்கார மாட்டார்கள், வயதானவர் என்று. நான் உள்ளே பேசியது காதில் விழுந்திருக்கிறது.

"தங்கச்சி, ஒங்களுக்கு ஜோடி இல்லாங்காட்டி நம்ம ரெண்டு பேரும் போட்டுக்கலாமே."

"எனக்கு ஆள் இருக்கு" என்றேன். வெடுக்கென்று. அந்த மனிதர் "சரி சரி" என்று சிரித்துக்கொண்டே விலகி வழிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னேன்? சைதாவின் இடத்தில் வேறொரு ஆளை நினைத்தாலே என்னவோ போல் இருக்கிறது. அதற்காகவா?

மே 28, புதன்

சைதாவின் வாய்ஸ் மெசேஜ், பதினோரு செகண்ட். பின்னால் ஏதோ கடைத்தெரு இரைச்சல். "இன்ஷா அல்லா வந்துருவேன்டி. நீயே என் கையெழுத்தையும் போட்டுரேன், ஒனக்குத் தெரியாததா?" கடைசியில் ஒரு சிரிப்பு.

பத்து தரம் கேட்டிருப்பேன்.

மே 30, வெள்ளி

போட்டுவிட்டேன்.

நானும் சைதாவும் எட்டாம் வகுப்பிலிருந்து தமிழில்தான் கையெழுத்துப் போடுவோம். அது எங்கள் இரண்டு பேரின் திமிர். மாதா கோவில் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை அவளும் வந்து உட்கார்ந்து என்னோடு எழுதப் படித்தாள், ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரியில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ரயிலில் முழங்கால் மேல் புத்தகத்தை வைத்து முதலில் என் பெயர், பிறகு "சை" கொம்பை அவள் வளைக்கிற மாதிரியே வளைத்து அவள் பெயர். அச்சு அசலாக வந்தது. கிளார்க் வாங்கி முத்திரை குத்தினார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். மத்தியானச் சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூன் 4, புதன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நான்காவது ஹூட்: மக்தலேனா, சைதா. கீழே கோடு போட்டு, காத்திருப்போர்: ரமேஷ்குமார். ஒரே ஒரு பெயர்.

அவர் பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தன் பெயர் கோட்டுக்குக் கீழே இருக்கிற பட்டியலை எதற்குப் படம் எடுக்க வேண்டும்? வீட்டில் யாருக்கோ காட்டத்தானே. நான் படிக்கட்டுப் பக்கமாக நழுவிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று பெருநாள். இன்றைக்கு வாழ்த்துச் சொல்ல நானே கூப்பிட்டேன். நூருன்னிசா மாமி எடுத்தார், சைதாவின் அம்மா. "மக்தாவா! நல்லாருக்கியாம்மா? இவ அங்கருந்து வந்ததுலருந்தே படிப்பு படிப்புன்னுதான் கெடக்குறா. அந்த என்னமோ ஆர்கானிக்கு, அதுலகூட பி ப்ளஸ்ஸு வாங்கிட்டா."

பின்னால் சைதா "உம்மா, குடுங்க இங்க" என்று போனைப் பிடுங்குவது கேட்டது.

ஜனவரியிலேயே எடுத்திருக்கிறாள். அங்கே ஒரு கல்லூரியில். ஜனவரி!

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல மக்தா. இன்னிக்கு சொல்லுவோம், நாளைக்கு சொல்லுவோம்னு... நீ அங்க தனியா இருக்க, இதையும் சொன்னா நீ ஒடஞ்சிருவியேன்னு."

அடிப்பாவி. நான் தனியா இருக்கேன்னு தெரியுது. தெரிஞ்சுகிட்டே ஒரு வருஷம் காக்க வெச்சிருக்கா. ஜனவரில நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்? இவளுக்கு நோட்ஸ் காப்பி எடுத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு செட்டு! மெழுகுவத்தி வெளிச்சத்துல! கையெழுத்து போட்டுருன்னு சிரிச்சாளே, அதுவும் தெரிஞ்சேதானா? வெளயாட்டுக்கு சொன்னாளாம். நான் நெஜமாவே போடுவேன்னு நெனைக்கலையாம்.

"நீ வரமாட்டியா?" என்று மட்டும் கேட்டேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, அதுதான் ஆத்திரம்.

ஜூன் 9

அவள் மேல் பழி போட்டு நேற்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். இன்றைக்குப் படித்துப் பார்த்தால் கோட்டுக்கு மேலே இல்லாத ஆளை உட்கார வைத்தது நான். கோட்டுக்குக் கீழே நிற்கிறவருக்கு நான் செய்தது தெரியவே தெரியாது, அவர் என்ன பாவம் செய்தார்?

சொன்னால் என் இடமும் போகும். போனால் பினாங்கும் போகும். சொல்லாவிட்டால் சைதா வரவில்லை என்று இரண்டு வாரம் கழித்து எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரையும் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். தொடங்கிய பிறகு என்னையும் தள்ள மாட்டார்கள், பக்கத்து ஹூட்டில் ஒட்டிக்கொண்டு நான் பாட்டுக்கு இருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது.

ஜூன் 10, செவ்வாய்

சயாமா மேசைக்கு முன்னால் போய் நின்றேன். பர்மியத்தில் எனக்கு வாய் குழறியதே இல்லை, இன்றைக்குக் குழறியது. அவர் கோப்பிலிருந்து படிவத்தை உருவி எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அது இரண்டு வளைசல் கோடு.

"இதில் நீ எது?"

காட்டினேன்.

"அப்போது இது?"

"இதுவும் நான்தான், சயாமா."

திட்டுவார் என்று நினைத்தேன். படிவத்தை நிதானமாக இரண்டாகக் கிழித்தார். பட்டியலை எடுத்து நான்காவது ஹூட்டை அடித்தார். காத்திருப்போரில் ரமேஷ்குமாருக்குக் கீழே என் பெயரை எழுதினார். பிறகு ரமேஷ்குமாரின் நம்பரைத் தாளில் எழுதி நீட்டினார். இப்போது காலியாக ஒரு ஹூட் இருக்கிறது, வரிசையில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவருக்கு உன்னோடு வேலை செய்யச் சம்மதமா என்று நீயே கேள், என்ன செய்தாய் என்பதையும் சொல்லிவிட்டுக் கேள் என்றார்.

ரயிலடியில் நின்று கூப்பிட்டேன். மழை, தகரக் கூரை. கத்திக் கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பக்கத்தில் காய்கறிக் கூடையோடு நின்ற பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தமிழ் புரியாமல் இருந்தால் சரி.

எல்லாம் கேட்டுவிட்டு ரமேஷ்குமார் கேட்டார்: "அந்தப் புள்ள எப்ப போச்சு?"

"போன வருஷம் மே மாசம்ணே."

"ஓ. புதன்கிழமை மத்தியானம் கடைல லீவு சொல்லணும். சொல்லிர்றேன்."

மன்னித்தாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜூன் 18, புதன்

முதல் லேப். "பிடிங்க", "விடுங்க", "போதும்". இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மற்ற ஐந்து ஹூட்டிலும் சிரிப்பும் பேச்சும். வீட்டுக்கு வந்து லேப் கோட்டைத் துவைத்துப் போட்டேன்.

ஜூலை 30

சைதா மெசேஜ்: "ஆர்கானிக் எப்படிப் போகுது?" "போகுது" என்று போட்டேன். முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் பேசியிருப்போம்.

ஆகஸ்ட் 20, புதன்

ரமேஷ்குமார் படிவம் போட்டது இது மூன்றாம் வருடமாம். முதல் இரண்டு வருடமும் ஜோடி கிடைக்கவில்லையாம். கண்ணாடிக் குழாயைக் கழுவிக்கொண்டே, வேறு யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னார். நான் ஒரு வருடம் காத்திருந்ததற்கே ஊரைக் கூட்டினேன். அவருக்கு இருந்ததெல்லாம் அந்தக் கோடு மட்டும்தான்.

செப்டம்பர் 24, புதன்

முதல் பாகத்தில் பி. பெரிய மார்க் இல்லை. அப்பா கேட்டுவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டு, நான் பக்கத்தில் இருக்கும்போதே பெருமையடித்துக்கொண்டார்.

நவம்பர் பாகத்துக்குப் படிவம் வந்துவிட்டது. லேப் முடிந்து எல்லோரும் போன பிறகு ரமேஷ்குமார் அதை நான்காக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்க்காமல், "இப்ப எல்லாரும் ஒங்களுக்குப் பழக்கம். வேற யாராச்சும் கேட்டிருப்பாங்க. நான் பட்டியல்ல போட்டுக்குறேன் தங்கச்சி, பரவால்ல" என்றார்.

"எனக்கு யாருமே இல்லண்ணே" என்றேன்.

வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று உறைத்தது. சைதாவிடம், அப்பாவிடம், அம்மாவிடம் — ஒருவரிடமும் இல்லை. அவர் என்னைத் தேற்றவெல்லாம் இல்லை. மடித்த தாளைப் பிரித்து, மேசையில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்து, "மொதல்ல நீங்க போடுங்க" என்றார்.