வலிக்காத தெண்டம்

சித்திரை 8, செவ்வாய்

காலையில் பனி. மத்தியானம் நல்ல மழை, காப்பிப் பூவுக்கு ஆகும். மிளகுக்கொடி கட்டக் கயிறு வாங்க வேண்டும். முழங்கால் வலி அப்படியேதான்.

எழுத்து எனக்கு வயசான பிறகு ராத்திரிப் பள்ளியில் வந்தது. கொம்பும் காலும் தப்பினால் தப்பட்டும். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

தங்கராசு டீக்கடையில் சேதி. நகைச்சீட்டு முதலாளிக்கு ஜாமீன்.

சேலத்தில் பெரிய நகைக்கடை வைத்திருந்தவன். நேரில் ஐயா என்பேன், இங்கே அவன்தான். மாதாமாதம் சீட்டுக் கட்டினால் கடைசியில் தங்கம் என்றான். போன தையில் கடையை மூடிவிட்டான். எங்கள் ஊரில் வீடு வீடாகச் சீட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கட்டியவள் என் மகள் பூங்கொடி. புருசன் போன பிறகு அந்தக் கமிஷனில்தான் தன் மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்தாள். பூங்கொடியும் சீட்டுக் கட்டினாள். அவளுக்கும் போயிற்று.

ஜாமீனுக்கு ஒரு நிபந்தனையாம். தினமும் காலையில் ஏற்காடு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் கொட்டச்சேடு ரோட்டில் இருக்கும் அவன் பங்களாவிலேயே தங்குகிறானாம்.

தங்கராசு சொன்னான்: "ஏனுங்க மாமா, இந்த வெயிலுக்கு அடிவாரத்துல காரு வரிசை கட்டி நிக்குது. காசு குடுத்து ரூம் போடறதுக்கு அல்லாடறாங்க. இவரக் கோர்ட்டே ஏத்தி அனுப்பி வெச்சிருக்குது பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு டம்ளர் வாய்க்குப் போகவில்லை. தண்டனை என்று அனுப்பி வைத்த இடம் எங்கள் மலை. நான் பிறந்து வளர்ந்த மலை.

கயிறு வாங்க மறந்து வந்துவிட்டேன்.

சித்திரை 9, புதன்

மேகம். மழை இல்லை. டீக்கடையில் அதே பேச்சு.

"கைய வெட்டோணுங்க."

"வெட்டுனா உம்பட காசு வந்துருமா? சும்மா இருடா."

"காப்பி பறிக்க உடோணும். அட்டை கடிக்கோணும் காலு பூரா."

"கடிச்ச அட்டைகிட்டயும் சீட்டுப் புடிச்சுருவான்."

"ஜெயில்லதான் போட்டாங்களே?"

"போட்டாங்க. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில ஏசி ரூமுல படுத்துக்கிட்டாரு. நமக்கு வந்தாத்தான் அது வாயுப் புடிப்பு."

என்னைக் கேட்டார்கள். சொன்னேன்: "வாங்குனதத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் அந்தப் பங்களாவுல வெளக்கு எரியக்கூடாது. நம்ம ஊட்டுல என்ன உண்டோ அதுதான் அவனுக்கும்."

பின்னாலிருந்து ஒரு குரல். "மொதல்ல உங்க ஊட்டு வெளக்க அணைங்க பெரிப்பா."

திரும்பிப் பார்க்கவில்லை. குரல் தெரியும். தேர் பார்க்க என் தோளில் ஏறி வந்தவன்.

சாயங்காலம் ஊர்க்கவுண்டர் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை கூட்டம். விசயம்: பூங்கொடி.

அவளிடம் சொன்னேன். அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியுமுங்கப்பா" என்றாள்.

சித்திரை 11, வெள்ளி

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். எல்லா வீட்டிலிருந்தும் ஆள்.

எங்கள் ஊரின் பழைய நியாயம் ஒன்று. வாங்கின கைதான் பொறுப்பு. யார் கையில் கொடுத்தாயோ அந்தக் கையைக் கேள். அதற்கு அப்பால் இருக்கும் கை ஊருக்குத் தெரியாது. ஆடும் தினையும் கை மாறின காலத்து நியாயம். அதை வைத்து இன்று என் மகளைத் தள்ளி வைத்தார்கள். நெருப்பு, தண்ணீர், பேச்சு எதுவும் இல்லை.

காளியம்மா எழுந்து சொன்னாள்: "எம்புள்ள கண்ணாலத்துக்குச் சேத்துனதுங்க. பூங்கொடி கையிலதான குடுத்தேன்? அந்த மொதலாளி மூஞ்சிய நான் பாத்தனா?"

அதுவும் சரிதான். பார்க்கவில்லை.

தள்ளிவைப்பு என்றால் என்ன என்று அங்கே இருந்த இளசுகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு மூட்டை காப்பிப் பழத்துக்காக மாரப்பனைத் தள்ளி வைத்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. அவன் அம்மா செத்தாள். பாடை தூக்க ஆள் வரவில்லை. அவனும் தம்பியும் கம்பளியில் கட்டித் தூக்கிப் போனார்கள். சிவப்புக் கரை போட்ட கம்பளி. ஒரு முனை மண்ணில் இழுபட்டுக்கொண்டே போனது.

ஒரு மூட்டைக்கு அது. மலையையே வழித்தவனுக்குப் பங்களா.

எழுந்தேன். "வாங்குன கைன்னு சொல்றீங்க. செரிங்க. எம்புள்ள கையிலிருந்து வாங்குன கை ஒண்ணு இருக்குதில்லீங்க? சேலத்துல இருந்த வரைக்கும் நமக்கு எட்டல. இப்ப இதே மலையில இருக்குது. அதையும் கூப்புடுங்க."

ஊர்க்கவுண்டர் தலையைச் சொறிந்தார். "வருவாருங்களா?"

"வரலீன்னா அவரையும் தள்ளி வையுங்க. பாலு, காயி, வேலையாளு, ஒண்ணும் அந்தப் பக்கம் போகக்கூடாது."

எல்லோரும் சரி என்றார்கள். பங்களா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அந்தோணி மூலம் சொல்லி அனுப்புவதாக முடிவு. பூங்கொடியின் தள்ளிவைப்பு மட்டும் இன்றைக்கே ஆரம்பம். இது எந்த ஊர் நியாயம். எங்கள் ஊர் நியாயம்தான்.

சித்திரை 13, ஞாயிறு

வெயில். பூங்கொடி குழாயடிக்குப் போனாள். பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நின்றார்களாம். ஓடையில் போய் மொண்டு வந்தாள். உப்புத் தீர்ந்துவிட்டது. கடையில் கொடுக்கவில்லை. உப்பில்லாத ரசம்.

சர்ச் முடிந்து ரைட்டர் அந்தோணி வந்தார். அவர் எங்கள் ஊர்க்கட்டுக்கு வெளி ஆள், தள்ளி வைத்த வீட்டிலும் பேசலாம். "வர்றேன்னுட்டாருங்க. நாளைக்கே."

நம்பவில்லை. "அந்த மனுசனா?"

"அவரேதானுங்க. ஊரு மொறையெல்லாம் வெவரமாக் கேட்டுக்கிட்டாருங்க. தெண்டம் எவ்வளவு, கட்டுனா அப்புறம் என்ன ஆகும்னு. நான் இருக்கறதச் சொன்னனுங்க."

அந்தோணியும் சீட்டுக் கட்டி ஏமாந்தவர். சம்பளம் வாங்குவதும் அவனிடம்தான். முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை அவரால்.

சித்திரை 14, திங்கள்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

வந்தான். வெள்ளை வேட்டி, வெறுங்கால். ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே இங்கே. கூட ஒரு வக்கீல். அம்மன் முன்னால் குப்புற விழுந்தான். கிழவிகள் உச்சுக் கொட்டினார்கள்.

"தப்பு நடந்து போச்சுங்க. ஊரு வெக்கற தெண்டத்தக் கட்டிப்போடறனுங்க."

எங்கள் பேச்சிலேயே பேசினான்.

தெண்டம் என்றால் ஊர் போடும் அபராதம். ஒன்றேகால் ரூபாயும் ஒரு தேங்காயும். என் தாத்தா காலத்தில் வைத்தது. அம்மன் முன் வைத்த கணக்கு என்று யாரும் மாற்றவில்லை. அன்றைக்கு அதைக் கட்ட ஒருவன் ஆட்டை விற்க வேண்டும். கட்டிவிட்டு வெற்றிலைத் தட்டைக் கூட்டத்தில் சுற்ற விடுவான். எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் வழக்குத் தீர்ந்தது. பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது.

அவனை வரவழைக்கச் சொன்ன நான் இதை யோசிக்கவில்லை. அவன் யோசித்திருக்கிறான்.

ஒன்றேகாலுக்குச் சில்லறை இல்லை. இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்தான். "மீதிய உண்டியல்ல போட்டுருங்க" என்றான்.

மீதி!

ஏரியில் படகில் போக இதைவிட அதிகம் கேட்பார்கள். வலித்தால்தான் தெண்டம். வலிக்காதது டிக்கெட். கோர்ட்டும் கையெழுத்து என்று ஒரு டிக்கெட் கொடுத்தது, நாங்களும் ஒன்று கிழித்துக் கொடுத்தோம்.

தட்டுச் சுற்றியது. முறை என்றதும் கைகள் தானாக நீண்டன. காளியம்மா கையும். வக்கீல் போனைப் பிடித்து ஒவ்வொரு கையாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தார்.

என் முன்னால் வந்தது. நான் எடுக்கவில்லை.

"எடுங்க மாமா" என்றார் ஊர்க்கவுண்டர்.

"வேண்டாங்க."

"நீங்க எடுத்தாத்தான் கூட்டம் முடியும். முடிஞ்சாத்தான் பூங்கொடியச் சேர்க்கறதப் பேசலாம்."

அவன் என்னைப் பார்த்தான். கோபமில்லை. பில் போட நேரமாகிறதே என்று கடைக்காரன் பார்ப்பானே, அப்படி.

சித்திரை 15, செவ்வாய்

மூட்டம். வேலை ஓடவில்லை. கொடி கட்டவில்லை.

இருட்டுவதற்கு முன் அந்தோணி வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார். அந்தப் படம் கோர்ட்டுக்காம். ஜனங்களே சமாதானம் ஆகிவிட்டார்கள், வழக்கை முடித்துவிடுங்கள் என்று காட்டுவதற்காம். இதே மாதிரி ஊர் ஊராக எடுக்கிறார்களாம்.

"உங்க ஒரு வெத்தலதானுங்க இங்க பாக்கி. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிப்போடாதீங்க."

மன்னிப்புக் கேட்க வந்தவன் என்று நினைத்தோம். சாட்சி சேகரிக்க வந்திருக்கிறான். அம்மன் முன்னால் விழுந்ததும் படத்துக்குத்தான்.

பூங்கொடியிடம் சொன்னேன். ஓடைத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டேன், "வெத்தலைய எடுத்துப்போடட்டுமா சாமி? நீ எத்தன நாளைக்கு ஓடைக்குப் போவ?" துணியைப் பிழிந்து மறுபடி குடத்தின் வாயில் கட்டினாள்.

சித்திரை 16, புதன்

வெயில் ஏறுமுன்னே ஊர்க்கவுண்டரும் வக்கீலும் வீட்டு வாசலில். தட்டோடு.

"ஒண்ணே ஒண்ணு எடுங்க மாமா. பூங்கொடி இப்பவே போயிக் குழாயில தண்ணி புடிக்கட்டும். நான் சொல்றேன்."

போனைத் தூக்கிப் பிடித்தபடி வக்கீல்: "வாயில போட வேண்டாம் பெரியவரே. கையில எடுத்தா போதும்."

என் கை நீண்டது. எதற்கு மறைக்க வேண்டும், நீண்டது.

பூங்கொடி உள்ளேயிருந்து வந்தாள். என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, போனுக்கு நேரே நின்றாள்.

"ஓடுதுங்களா அது?"

ஓடுகிறது என்றார் வக்கீல்.

"காளியம்மக்கா ஊடு. புள்ள கண்ணாலத்துக்கு. எங்கையில வாங்குனேன், கொண்டுபோயி மொதலாளி கையிலயே குடுத்தேன், எண்ணி வாங்கிக்கிட்டாரு. ரைட்டரண்ணன் ஊடு. கூரை மாத்தறதுக்கு. எங்கையில வாங்குனேன், அவருகிட்டக் குடுத்தேன். ஊர்க்கவுண்டர் ஊடு..."

ஊர்க்கவுண்டர் நிமிர்ந்தார். "எங்க ஊடா?"

"சம்சாரம் உங்களுக்குத் தெரியாமக் கட்டுனாங்க மாமா. உங்க கண்ணு ஆப்பரேசனுக்கு. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாங்க. நேத்து வரைக்கும் சொல்லல."

வக்கீல் போனை இறக்கிவிட்டார். பூங்கொடி நிறுத்தவில்லை. குழாயடிக்குக் கேட்கும் குரலில் அடுத்த வீட்டைச் சொன்னாள். ஊர்க்கவுண்டர் தட்டைக் கீழே வைத்தார். அவள் அதற்கும் அடுத்த வீட்டைச் சொன்னாள்.