உன் கப்பலுக்கே டிக்கெட் போட்டாயிற்று

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அங்கே உன் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகும்போது குனிந்து இழுக்காதே, முட்டியை மடக்கி உட்கார்ந்து செருகு என்று போன தடவையே சொன்னேன், நீ உம் கொட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்த முறை கடிதம். போனில் என்றால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், இல்லாவிட்டால் கப்பல் நகர்ந்து சிக்னல் போய்விடும். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ படித்துத்தான் ஆகவேண்டும். உங்கள் கம்பெனி ஆபீஸ் விலாசத்துக்குப் போட்டால் ஏதாவது ஒரு துறைமுகத்தில் உன் கைக்கு வந்துவிடும் என்று உன் தங்கச்சி சொன்னாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இப்போது காலை ஷிப்ட், விடிவதற்கு முன்பே போய் ஊரார் கையில் எல்லாம் ஊசி குத்திவிட்டு மத்தியானம் வந்து அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாள். எங்கள் பார்லரில் புது நாற்காலி வாங்கியிருக்கிறார்கள், ஏற்றினால் ஏறுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. போன வாரம் ஒரு பெரியம்மாவுக்கு முடி வெட்டி முடித்த பிறகு நாங்கள் மூன்று பேர் சேர்ந்துதான் அவரை மேலிருந்து கீழே இறக்கினோம். அவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார், நல்ல மனுஷி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கப்பலுக்கே டிக்கெட் போட்டாயிற்று. எனக்கும் அப்பாவுக்கும். ஆமாம், அப்பாவுக்கும்தான். அந்த ஒரு வார்த்தையை நீ திரும்பப் போய்ப் படித்திருப்பாய் என்று தெரியும், நன்றாகப் படி. நீ வேண்டாம் என்று சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அம்மா, எங்க கப்பல் ரொம்ப காஸ்ட்லி, வந்தாலும் என்னால உங்க கூட உக்காந்து ஒரு காபி கூட குடிக்க முடியாது, விருந்தாளிங்க இடத்துல நாங்க உக்காரக் கூடாது, வேற கம்பெனில சீப்பா இருக்கு, அதுல போயிட்டு வாங்க, நான் பணம் அனுப்பறேன்" என்று சொல்லி ஒரு விளம்பரத்தையும் அனுப்பினாய். கடலைப் பார்க்கவா நான் ஆசைப்பட்டேன்? இரண்டு ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுப் பக்கம் வராமல் அங்கிருந்தபடியே மூன்றாவதில் கையெழுத்துப் போட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். நீ வரமாட்டாய் என்றால் நான் வருகிறேன், அவ்வளவுதான் கணக்கு.

ஆனாலும் நீ சொன்னாயே என்று அந்த விளம்பரத்தை நான் தள்ளிவிடவில்லை. தங்கச்சியைப் போனோடு உட்காரவைத்து முழுக்கப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு கட்டணம், பார்த்தால் இங்கிருந்து பக்கத்து ஊருக்குப் போகிற செலவுபோல இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போனால் துறைமுக வரி, அதற்கடுத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸ், அதற்குச் சேவைக் கட்டணம் என்று பேர், குடிக்கிற பானத்துக்குத் தனி, அந்தப் பானத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கு அதன் மேல் ஒரு சதவீதம், இன்டர்நெட்டுக்குத் தனி, கரையில் இறங்கி ஊருக்குள் போக பஸ்ஸுக்குத் தனி. தங்கச்சி ஒவ்வொன்றாகத் தட்டத் தட்டக் கீழே கூட்டுத்தொகை பால் பொங்குவது மாதிரி பொங்கிக்கொண்டு வந்தது. அதிலும் அந்தக் கட்டணத்துக்குக் கொடுக்கிற அறைக்கு ஜன்னலே கிடையாது. ஒருமுறை லிப்டில் மாட்டிக்கொண்டதிலிருந்து அப்பா குளியலறைக் கதவைக்கூடத் தாழ் போடாதவர், அவரை அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடினால் கப்பலையே திருப்பச் சொல்லுவார். ஜன்னல் வேண்டும் என்று தட்டினோம், மறுபடியும் பொங்கியது. கடைசியில் பார்த்தால் உன் கப்பலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இன்னொரு கம்பெனியில் டிப்ஸ், பானம், இன்டர்நெட் எல்லாம் உள்ளடக்கம், கையை நீட்டினால் போதும் என்று போட்டிருந்தார்கள். கட்டணத்தைப் பார்த்துத் தங்கச்சி, "அம்மா, இதுல போனா அப்பா காலையிலேர்ந்து ஒயின் குடிச்சாத்தான் கட்டுப்படி ஆகும்" என்றாள். அப்பாவோ ஒரு காபியைக் குடித்துவிட்டே நெஞ்சு படபடக்கிறது என்பவர். ஆகவே அதுவும் போனது.

அதுவரைக்கும் அப்பா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். நான் கூப்பிட்டால், "எனக்குக் கப்பலும் வேணாம், கடலும் வேணாம், நீ போயிட்டு வா" என்பார். அவர் பிடித்துக்கொடுத்த பேங்க் வேலையை நீ விட்டுப் போன நாளிலிருந்து அந்த முகம் எனக்குப் பழகிவிட்டது. யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், "கப்பல் கம்பெனியில நிர்வாகத்துல இருக்கான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார், என்னையும் தங்கச்சியையும் அதையே சொல்லச் சொன்னார். அத்தையிடம்கூட அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார்.

அந்த அத்தையும் மாமாவும்தான் போன மாதம் அந்த மலிவுக் கப்பலில் போய்விட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே சாப்பிட வந்தார்கள். சாப்பிட்டு முடித்து அத்தை போனில் படம் காட்டத் தொடங்கினாள், கடல், கடல், மறுபடியும் கடல், நடுவில் மாமா தொப்பியோடு. அப்புறம் கட்டிலின் மேல் துண்டை மடித்துச் செய்த யானை ஒன்று. அவர்கள் பேத்தியும் கூடப் போயிருந்தாள் அல்லவா, அவளுக்காக ரூம் பார்க்கிற பையன் தினம் ஒரு மிருகம் செய்து வைப்பானாம். நான் நீயும் இப்படிச் செய்வாய் என்று நினைத்துக்கொண்டு அந்த யானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அத்தை என் தோளைத் தட்டி, "அண்ணி, நீங்க போனா ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க. டிப்ஸுன்னு தினமும் கணக்குல ஏத்திக்கிட்டே இருப்பாங்க. கடைசி நாள் கவுண்டர்ல போய் சர்வீஸ் சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மொத்தத்தையும் எடுத்துடுவாங்க. நாங்க அப்படித்தான் எடுத்தோம்" என்றாள். நான், "சர்வீஸ் சரியில்லையா?" என்று கேட்டேன். "சேச்சே, அந்தப் பையன் தங்கமா பாத்துக்கிட்டான். சும்மா சொல்றதுதான். அவங்களுக்குத்தான் கம்பெனி சம்பளம் குடுக்குதே" என்று சிரித்தாள். மாமாவும் சிரித்தார்.

எனக்குக் காது சுட்டது. அந்தப் பணம் அறை பார்க்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள், கண்ணிலேயே படாமல் கீழே துணி துவைக்கிறவர்கள் என்று எல்லோருக்கும் பிரிகிறது, யாராவது எடுத்துவிட்டால் அந்த வாரம் எங்கள் கை சுருங்கிவிடும் என்று நீ ஒருமுறை சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. நானும் நாள் முழுக்க நின்று அடுத்தவர் தலையைக் கழுவுகிறவள், என் ஏப்ரன் பைக்குள் யாராவது ஒரு நோட்டைச் செருகிவிட்டுப் போனால் அன்றைக்குக் கால்வலி பாதியாகிவிடும். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அப்பா கையை நீட்டி அத்தையின் போனை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த யானையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது செஞ்ச பையன் பேரென்ன?" என்று கேட்டார். அத்தை மாமாவைப் பார்த்தாள். "சட்டையில ஏதோ போட்டிருந்தான் அண்ணா, யார் கவனிச்சா?" என்றாள். அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், சாப்பாடு நன்றாயிருந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னார். "என் பையனும் இந்த வேலைதான் பாக்கறான். நிர்வாகமெல்லாம் இல்ல, அது நான் சொன்ன பொய். ரூம் கூட்டறான், படுக்கை போடறான், கக்கூஸ் கழுவறான். இந்த மாதிரி யானையும் செய்வானோ என்னமோ, நான் கேட்டதில்ல. நீ கவுண்டர்ல போய் எடுத்தியே, அது அவன மாதிரி ஒருத்தன் சம்பாத்தியம்."

மாமா தண்ணீர் குடித்தார், டம்ளரில் தண்ணீர் இல்லை. அத்தை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாது அண்ணா" என்றாள். அப்பா, "தெரியாதுதான், நான் சொன்னாத்தானே தெரியும்" என்றார். அவளைத் திட்டவில்லை. அத்தை மேல் நீயும் கோபம் வைத்துக்கொள்ளாதே. மறுநாள் அவளாகவே கம்பெனிக்குப் போன் செய்து அந்தப் பணத்தைத் திரும்பக் கட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறாள், கணக்கு முடிந்துவிட்டது, இனி முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். பாராட்டிக் கடிதமாவது அனுப்பலாம் என்றால் யாரைப் பாராட்டுகிறீர்கள், பேர் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். என்னிடம் சொல்லி அழுதாள். அறை எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லு என்று நான்தான் யோசனை சொன்னேன், இன்னும் பதில் வரவில்லை.

அவர்கள் போனதும் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்று, "அவன் கப்பல் எந்தத் தேதி கிளம்புது?" என்று கேட்டார். எந்தக் கப்பல் என்று தெரியாதவள்போல் நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, தேதியைச் சொன்னேன். "டிக்கெட் போடற எடத்துக்கு நாளைக்கே போயிடுவோம்" என்றார். மறுநாள் முதல் ஆளாகப் போய் நின்றோம். டிக்கெட் போடுகிற பெண் நல்ல மாதிரி, எல்லாம் பொறுமையாக விளக்கினாள். ஜன்னல் வைத்த அறை, அப்பாவின் முட்டிக்காக லிப்டுக்குப் பக்கத்தில். பானத் திட்டம் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், யாரோடு பேச வேண்டுமோ அவன் அங்கேதானே இருக்கிறான். டிப்ஸ் வந்தபோது அவள் குரலைத் தாழ்த்தி, "இத இப்பவே கட்டாதீங்க சார், கப்பல்ல போய்ப் பாத்துக்கலாம். சரியில்லேன்னா எடுக்கச் சொல்லலாம், பிடி நம்ம கையில இருக்கும்" என்றாள். எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னாள். அப்பா, "பிடி வேண்டாம்மா, இப்பவே கட்டிடறோம்" என்றார். பணம் எங்கிருந்து என்று நீ குடையாதே. அடுப்படித் தரையை மாற்ற வைத்திருந்தோம், பெயர்ந்த தரை இன்னும் கொஞ்ச நாள் பெயர்ந்தே கிடக்கட்டும். நீ அனுப்பியதைத் தொடவில்லை, அனுப்பவும் வேண்டாம்.

இனி நான் சொல்வதைக் கேள். எங்கள் அறையை உனக்கு மாற்றிக்கொடுக்கும்படி யாரிடமும் போய் நிற்காதே, உன் அறை வரிசையை நீ பார். எங்கள் அறைக்கு வருகிறவன் பேரை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வேன். பக்கத்தில் உட்கார முடியாது என்றால் நின்று பேசுவோம், நிற்கவும் முடியாது என்றால் நீ நடக்க நான் கூட நடக்கிறேன், எனக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. துறைமுகத்தில் உங்களுக்கும் இறங்க அனுமதி உண்டு என்று தங்கச்சி கண்டுபிடித்துவிட்டாள், அதனால் கூட உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது என்ற அந்தப் பொய்யும் இனிமேல் செல்லாது. உன் மேலதிகாரியிடம் இப்போதே பேசி ஒரு மத்தியானம் கேட்டு வை, பெற்றவர்கள் வருகிறார்கள் என்று சொன்னால் கல்லும் கரையும். உனக்கு என்ன கொண்டுவரட்டும் என்று உடனே எழுது, இடுப்புக்குப் பட்டை வாங்கியாயிற்று, அளவு நான் நினைத்துக்கொண்டதுதான், இளைத்திருந்தால் உன் பாடு.

கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள் என்று அப்பாவிடம் பேனாவை நீட்டினேன். "எழுத ஒண்ணும் இல்ல, நேர்ல பேசிக்கறேன்" என்றார். சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வந்து, "அவன் முன்னால நான் என்ன பேசறது?" என்று என்னையே கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல, யோசித்துக்கொண்டே இருங்கள், இன்னும் நாள் இருக்கிறது என்றேன். அவர் தடுமாறினால் நீ கொஞ்சம் பொறுத்துக்கொள் கண்ணு, நீயும் அவர் மாதிரியே வாயை இறுக்கிக்கொண்டு நிற்காதே.

நல்ல உடம்போடும் நிறைந்த மனசோடும் நீ நீடூழி வாழவேண்டும், உன் கூட வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் அப்படியே வாழவேண்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. கப்பல் நடைபாதையில் எங்களைக் கண்டால் உன் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு மறைந்துவிடாதே. துடைப்பமும் வாளியுமாக அப்படியே நில். அப்பா உன்னை அப்படித்தான் பார்க்க வருகிறார்.

உன்னைப் பார்க்கக் கிளம்பிவிட்ட
அம்மா